வெள்ளிச் செடிக்கு நீ அனுப்பிய கல்

குமரேசா,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. அந்தக் கேள்வியை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுத என்னால் முடியவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். நீ நலமாக இருக்கிறாயா? நான் இதை எழுதும் இந்த நேரத்தில் நீ வெளிச்சத்தில் இருக்கிறாயா, மலைக்குள்ளே இருக்கிறாயா? ஆறு வருஷமாக நீ அந்தப் பனிமலைப் பக்கம் சுரங்கப்பாதை வேலையில், சைட் ஆபீசில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கிறாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நீ அனுப்பிய மூட்டையைப் பிரித்தேன். பத்தேகாலுக்கு அந்த நம்பிக்கை போயிற்று. இன்று வெள்ளி. எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு வயசைக் காரணம் சொல்லாதே.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டேனே. அன்று மத்தியானமே கூப்பிட்டு, "இந்தக் கல்லு எங்கப்பா எடுத்த?" என்றேன். "நீ சொன்ன மாதிரி செடிகிட்டருந்துதாம்பா, சரிவுல" என்று கூசாமல் சொன்னாய். பின்னால் 'ஊ' என்று ஒரே சுருதியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்றேன். "ஜெனரேட்டர்ப்பா" என்றாய். குமரேசா, நந்திதுர்க் தங்க மைனில் இருபத்து மூன்று வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்தவன் நான். உள்ளே இருப்பவர்களுக்காகக் காற்றை ஊதித் தள்ளும் விசிறியின் சத்தம் எனக்குத் தெரியாதா? நான் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் "சிக்னல் போகுதுப்பா" என்று வைத்துவிட்டாய். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் வைத்துவிடாமல் கடைசி வரை படி.

முதலில் அந்தச் செடியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. உன் அம்மாவின் முதல் திதிக்கு நீ வந்தபோது, ஒரு தீப்பெட்டியை என் கையில் கொடுத்தாய். உள்ளே உலர்ந்த காய் நாலைந்து. "அங்க பாறை இடுக்குல ஒரு செடிப்பா. எல பூரா வெள்ளியாட்டம் மின்னுது. பூவ மட்டும் பாத்தா நம்ம அவரப் பூதான்" என்றாய். நான் காயை உரித்துப் பார்த்து, அவரை, துவரை, வேர்க்கடலை வகையறாதான் இது என்று சொன்னேன். அவள் போன பிறகு நான் வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எதிலாவது கை வைக்கட்டும் என்று நீ கொடுத்தது அது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். மூவாயிரம் அடி உயரம்கூட இல்லாத இந்த ஊரிகத்தில், வெயிலில் தகரம் கொதிக்கிற லைன் வீட்டு வாசலில், பனிமலைச் செடியை வளர்க்கப் பார்ப்பது கிறுக்குத்தனம்தான். ஆனால் எனக்குக் கல் அடுக்கத் தெரியும். தங்கம் எடுத்த பள்ளத்தில் கூரை இறங்காமல் இருக்க, சிமெண்ட் இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்திச் சுவர் எழுப்புவதுதானே என் வேலை. மைனுக்குள் இறங்குகிற பழைய ஷாஃப்ட் பக்கம் கிடந்த கருங்கல்லை, நடுவில் வெள்ளை ரேகை ஓடுகிற நம் ஊர்க் கல்லை, ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து வாசலுக்கும் தெருக் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்னக் குன்று கட்டினேன். ஒவ்வொரு கல்லும் உள்பக்கமாகச் சாயும்படி வைத்தேன். அப்போதுதான் மழைத் தண்ணீர் வேருக்குப் போகும், இலைமேல் நிற்காது. காலை வெயில் மட்டும் விழும், உச்சி வெயிலுக்கு வீட்டு நிழல் வந்துவிடும்.

கல் சரியாக வந்தது. செடியில்தான் தப்புக்கு மேல் தப்பு செய்தேன். தண்ணீர் நிற்காத மணல் வேண்டும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். இந்த ஊர்க்காரன் மணல் என்றால் எங்கே போவான்? தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய சயனைடு மேட்டில்தான் மலை மலையாகக் கிடக்கிறதே. ரெண்டு மூட்டை அள்ளி வந்து போட்டேன். முளைத்த மூன்றும் ஒரு வாரத்தில் கருகின. பூமிக்கடியிலிருந்து வந்த எல்லாம் எனக்கு வேண்டியதுதான் என்று நினைக்கிற புத்தி நமக்கு. அந்த மணலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆற்று மணலும் உடைகல்லும் கலந்து மறுபடி ஆரம்பித்தேன். அடுத்த வருஷம் முளைத்ததற்குத் தினமும் தலைமேல் தண்ணீர் ஊற்றினேன். அந்த வெள்ளி நிறம் வேறொன்றும் இல்லை, இலை முழுக்கப் பொடிப் பொடியாக ரோமம். வெயிலையும் குளிரையும் தாங்க அது தானே போட்டுக்கொண்ட போர்வை. அதில் தண்ணீர் தங்கினால் அழுகிவிடும். பாசத்தில் ஊற்றி ஊற்றியே கொன்றேன். ஒரு செடி நன்றாக வந்தது, அதை நல்ல இடத்துக்கு மாற்றலாம் என்று பிடுங்கினேன். மேலே விரல் உயரம், கீழே முழங்கை நீளத்துக்கு ஒரே வேர். நடுவில் ஒடிந்தது. அது ஒடிந்தால் அந்தச் செடிக்கு வேறு வழி கிடையாது.

இப்போது எல்லாம் தெரியும். விதைத் தோலை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, தண்ணீரில் ஊற வைத்து, உப்பியதை மட்டும் எடுத்து, ஈர மணலோடு ஆறு வாரம் ஃபிரிட்ஜில் வைப்பேன். குளிர்காலம் போய்விட்டது என்று அதை ஏமாற்றுகிற வேலை. பிறகு வேருக்கு இடம் கொடுக்க, பிளாஸ்டிக் குழாயை நீளமாக வெட்டி அதில் விதைத்து, குழாயோடு கொண்டுபோய்க் கல் இடுக்கில் இறக்குவேன். வேரை யாரும் தொடக்கூடாது. மழைக்காலத்தில் செங்கல்மேல் கண்ணாடி வைத்துக் குடை பிடிப்பேன். இப்படி நாலு செடி நின்றன. தெருவில் போகிற பெண்கள் தண்ணீர் பிடிக்கும்போது குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா தாத்தா, பூனக்குட்டியாட்டம் கீது" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் போன ஐப்பசியிலிருந்து நாலும் மஞ்சளடித்தன. இவற்றோடு விதைத்துக் குழாயிலேயே செத்துப்போன இன்னொன்றின் வேரைக் கழுவிப் பார்த்தேன். மொழுமொழுவென்று இருந்தது. வேர்க்கடலை வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருக்குமே, காற்றிலிருந்து செடிக்குச் சத்து பிடித்துக் கொடுப்பது, அது ஒன்றுகூட இல்லை. அந்த முடிச்சைக் கட்டுகிற கிருமி அதனதன் சொந்த மண்ணில்தான் இருக்கும். அதனால்தான் மார்கழியில் உனக்குப் போன் செய்து, அந்தச் செடி நிற்கிற இடத்தில் வேரடியிலிருந்து ஒரு கை மண்ணும் கொஞ்சம் கல்லும் அனுப்பு என்றேன். நான் கேட்டது ஒரு கை மண். நீ அனுப்பியது ஒரு அரிசி மூட்டை நிறையக் கல்.

கூரியர்காரர் அதைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தார். உன் பெருமாள் மாமா டீ குடித்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரும் நானும் ஒரே ஷிப்ட்டில் இறங்கியவர்கள், அவர் பாறையில் டிரில் அடித்தவர், உனக்குத் தெரியும். நான் மூட்டையைக் கொட்டினேன். மண் இல்லை. ஒரு வேர், ஒரு காய்ந்த இலை, ஒரு எறும்பு இல்லை. பெருமாள் மாமா ஒரு கல்லை எடுத்தார். அதில் ஒரு பக்கம் அரை வட்டமாக, பெருவிரல் படுக்கிற அகலத்தில், நேர்கோடாக ஒரு பள்ளம் ஓடியது. அவர் அதில் பெருவிரலை வைத்து மேலிருந்து கீழே தடவினார்.

"டிரில் அடிச்ச தொளைல இது பாதி மச்சான். மீதிப் பாதி அங்கியே கீது."

"ரோடு போட மலைய வெட்டுவாங்க இல்ல, அதுவா இருக்கும்" என்றேன்.

அவர் இன்னொரு கல்லை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். ஒன்றில் சாம்பல் நிறச் சிமெண்ட் தோல்போல ஒட்டியிருந்தது. கூரை உதிராமல் இருக்கப் பீச்சி அடிப்பார்களே, அது. பத்துப் பதினைந்து கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

"மலமேல கெடந்த கல்லுன்னா வெயில் பட்ட மூஞ்சி ஒண்ணாவது இருக்கணும். மழைத் தண்ணி எறங்குன கறையாவது இருக்கணும். இதுல ஆறு பக்கமும் புதுசு. இத்தினி கல்லுல ஒண்ணுகூட வெளிய இருந்தது இல்ல மச்சான். இது லெவல் கல்லு, பூமிக்குள்ள ஒடச்சது."

அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். கொட்டியவுடனே மூக்குக்கு வந்துவிட்டது. வெடி வைத்த பிறகு கல்லில் தங்குகிற அந்த வாசனை, ஈரமும் மருந்தும் கலந்தது, அத்தனை தூரம் வந்தும் போகவில்லை. இருபத்து மூன்று வருஷம் என் சட்டையில் இருந்த வாசனை. மைன் மூடிய பிறகு அதை மறுபடி முகர்வேன் என்று நான் நினைக்கவே இல்லை, அதுவும் என் பிள்ளை அனுப்பிய மூட்டையில். "உம் புள்ள எங்க வேல செய்றான்னு சொன்ன?" என்று பெருமாள் மாமா மெதுவாகக் கேட்டார். ஆபீஸ் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், குடிக்க மறந்துபோனேன்.

உன்னிடம் கேட்டு நீ பொய் சொன்ன பிறகு, சுகந்தியைக் கூப்பிட்டேன். பெங்களூரில் ஆபீசில் இருந்தாள். "சொல்லுங்க மாமா, சாப்ட்டீங்களா?" என்றாள், எப்போதும்போல. "சாப்பாடு இருக்கட்டும்மா. உன் வீட்டுக்காரன் ஆபீஸ்லயா வேல செய்றான், உள்ளயா?" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அஞ்சு மாசக் கர்ப்பிணியை அழ வைத்துவிட்டேனே என்று அந்த நேரத்திலும் எனக்கு உறுத்தியது.

"உள்ளதான் மாமா. மொதல்லருந்தே உள்ளதான். வெடி வெக்கற டீமுக்கு இப்ப அவருதான் இன்சார்ஜ்."

"உனக்கு எப்பத்திலருந்து தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு மாமா."

"என்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லல?"

"அத்தைக்கும் தெரியும் மாமா. அத்ததான் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்குனாங்க."

உன் அம்மா. நான் அவளோடு முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவன். ஆஸ்பத்திரியில் கடைசி மாசம் முழுக்க அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன். அவள் வயிற்றில் இதை வைத்துக்கொண்டு, "குமரேசன் இன்னா, ஆபீசுல சாப்பாடு நல்லா போடுறாங்களாமா" என்று என்னிடமே கேட்டிருக்கிறாள். நான் அதற்குப் பதிலும் சொல்லியிருக்கிறேன். போனை வைத்துவிட்டு அந்தக் கல் குவியலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ மலைக்குள் இருப்பது ஒரு அடி. அவளுக்குத் தெரியும் என்பது அதைவிடப் பெரிய அடி. ஏன் என்று சுகந்தியிடம் கேட்டேன். அவள் சொன்ன பதிலை உனக்கு எழுதுவதற்கு முன்னால், உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் அம்மா உன்னிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீ என்னை வேறு மாதிரி பார்த்திருப்பாய்.

நீ அவள் வயிற்றில் அஞ்சு மாசம். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்போது ஏர்பிளாஸ்ட் அடிக்கடி வந்தது. பூமிக்கடியில் பாறை தாங்க முடியாமல் தானே வெடித்துச் சிதறும், மேலே லைன் வீட்டில் பாத்திரம் உருளும். கீழே போகாதீங்க, மேலே கல் அரைக்கிற மில்லில் வேலை கேளுங்க என்று தினமும் அழுதாள். நான் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. மில்லுக்கு மாறிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாலு மாசம் அந்தப் பொய்யை ஓட்டினேன். ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே குளித்து, நகத்தைத் தேய்த்து, மில் வாசலில் கிடக்கும் வெள்ளைத் தூளை ஒரு கை அள்ளிச் சட்டைக் கையில் பூசிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அவள் அந்தச் சட்டையை வாங்கி உதறுவாள். "மில்லு வேலன்னா இப்டித்தான் தூசியா இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் மாசம், ஒரு காலையில் பெரிதாக ஒன்று வந்தது. சைரன் ஊதினார்கள். பெண்களெல்லாம் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினார்கள். உன் அம்மாவும் போனாள். எனக்காக அல்ல. நான்தான் மில்லில் பத்திரமாக இருக்கிறேனே. பெருமாள் மாமா கீழே இருக்கிறார், அவர் பெண்டாட்டி தனியாக நிற்கிறாள் என்று, நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லப் போனாள். "ஒண்ணும் ஆவாது அக்கா" என்று சொல்லிக்கொண்டே ரெண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள். ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வந்தது, கம்பிக் கதவு திறந்தது, பெருமாள் மாமா இறங்கினார். அவருக்குப் பின்னால் நான் இறங்கினேன். நெற்றியில் ரத்தம், கையில் விளக்கு. அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. அந்த அக்காவின் கையை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. நடுவில் நீ பிறந்தாய். பன்னிரண்டாம் நாள், "புள்ளைக்கு இன்னா பேரு வெக்கலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். மைன் மூடுகிற வரைக்கும் பதினோரு வருஷம் அவளுக்குத் தெரிந்தே கீழே இறங்கினேன். பொய் இல்லை, அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாளாவது, நீ எப்படி இருக்கிறாய் என்று அவளைக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை.

இப்போது சுகந்தி சொன்னதை எழுதுகிறேன். நான் மாற்றி எழுதவில்லை, அவள் சொன்னபடியே எழுதுகிறேன். உன் அம்மா ஆஸ்பத்திரியில் அவளிடம் சொன்னாளாம்: "அவரு கீழ எறங்குறது தெரியாம இருந்தேனே நாலு மாசம், அப்பதான் நான் நிம்மதியா தூங்குனேன். தெரிஞ்சப்புறம் பதினோரு வருஷம் தூங்கல. அவரையாவது தூங்க வுடுங்க."

குமரேசா, அந்த நாலு மாசத்தைத்தான் நான் அவளுக்குச் செய்த பெரிய துரோகம் என்று இத்தனை வருஷம் சுமந்தேன். துரோகம் எது என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அவளுக்குப் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டிருக்கிறேன். போகும்போது எனக்குத் தூக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆறு வருஷம் நன்றாகத் தூங்கினேன். இங்கே உட்கார்ந்து விதையைத் தேய்த்துக்கொண்டும், இலைக்கு நோகாமல் தண்ணீர் விட்டுக்கொண்டும் இருந்தேன். நாலு செடி மஞ்சளடித்ததற்கு ஒரு மாசம் கவலைப்பட்டேன். நீ வெடி வைத்துக்கொண்டிருந்தாய்.

வேலையை விட்டுவிட்டு வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படித்தான் என் மனசு கத்துகிறது, அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். எனக்கு நீ வேண்டும், உன் வேலை வேண்டாம். ஆனால் என் மனைவி அழுதபோது நான் விடவில்லை. விடாதவன் உன்னை விடச் சொல்ல முடியாது. அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்றும் சுகந்தி சொன்னாள். ஒரு மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்தைத் திறப்பதில் என்ன சந்தோஷம் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், இத்தனை நாள் நீ கேட்காததால் சொல்லாமல் போனது. வெடித்த பிறகு புகை போய்விட்டதென்று உன் கண்ணை நம்பாதே, இன்னும் கொஞ்சம் நேரம் நில். அவசரப்படுத்துகிறவன் உள்ளே வரமாட்டான். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகக் கம்பியால் கூரையைத் தட்டு. கணீரென்று கேட்டால் பாறை முழுசாக இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, பின்னால் வா, கூட இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு வா. தண்ணீர் விடாமல் டிரில் அடிக்க யாரையும் விடாதே. முகமூடியைக் கழுத்தில் தொங்கவிடாதே. போனில் நீ இருமும்போதெல்லாம் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இஞ்சி போட்டுக் குடி என்றேன். இப்போது அந்த ஒவ்வொரு இருமலும் எனக்கு ஞாபகம் வருகிறது. போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொள். எடுத்து எனக்கும் அனுப்பு.

இன்னொன்று, இதை மட்டும் நான் கேட்கவில்லை, சொல்கிறேன். சுகந்தி வயிற்றுப் பிள்ளையோடு தனியாக விழித்துக்கொண்டிருக்கிறாள். உன் அம்மா செய்த வேலையை இப்போது அவள் செய்கிறாள். உன் அம்மாவுக்கு அந்த வேலையில் கூட்டு யாரும் இல்லை. இவளுக்கு நான் இருக்கிறேன். இனிமேல் நீ உள்ளே போகும்போது எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை அனுப்பு, 'இறங்குகிறேன்' என்று. வெளியே வந்ததும் இன்னொரு வார்த்தை. நடுவில் இருக்கும் நேரத்தை நாங்கள் பங்கு போட்டுக்கொள்வோம். நேற்றே அவளிடம் சொல்லிவிட்டேன், எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய் என்று. அவள் செய்தாள். "இருக்கீங்களா மாமா?" என்றாள், "இருக்கேம்மா" என்றேன். உன் அம்மா கொடுத்த தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அவள் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். கோபித்துக்கொள்வாள். பதினோரு நாள் பேசாமல் இருக்கட்டும், பரவாயில்லை.

அந்தக் கல்லை என்ன செய்தேன் என்று கேட்பாய். ஆத்திரத்தில் மூட்டையோடு தெருவில் கொட்டப் போனேன். "வுடு மச்சான், கல்லு இன்னா பண்ணுச்சு" என்று பெருமாள் மாமா பிடுங்கி வைத்தார். செடியடியில் மட்டும் போட்டுவிடாதே, சிமெண்டும் மருந்தும் வேரைச் சுட்டுவிடும் என்றும் சொன்னார். டிரில் துளை பாதி இருக்கிறதே, அந்த ஒரு கல்லை மட்டும் ஜன்னல் மேல் வைத்திருக்கிறேன். சரிவு முழுக்கப் பனி மூடியிருக்கும், அப்பன் மண் கேட்டானே என்று வேறு வழியில்லாமல் உள்ளே உடைத்த கல்லை அள்ளிப் போட்டிருக்கிறாய். கிழவனுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்திருக்கிறாய். அது ஒன்றுதான் எனக்குச் சிரிப்பு வரவழைத்தது, இந்த நாலு நாளில்.

நாலு செடியும் இன்னும் நிற்கின்றன. மஞ்சள்தான், ஆனால் அடியில் புதிதாக ரெண்டு இலை வெள்ளையாக விட்டிருக்கிறது. சொந்த மண் வரும்வரை அதைச் சாகவிடமாட்டேன். பனி உருகட்டும். உருகியதும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, வெயிலில், அந்தச் சரிவில் நீயே ஏறு. செடி நிற்கும் இடத்தில் உட்கார்ந்து, வேரை ஒடிக்காமல் பக்கத்தில் கையால் தோண்டு. ஒரு கை மண் போதும். அதைக் கூரியரில் அனுப்பாதே. நீயே கொண்டு வந்து என் கையில் கொடு. எங்கே எடுத்தது என்று சொல்லத் தேவையில்லை. பார்த்தாலே எனக்குத் தெரியும்.

அப்பா